உள்ளவரை

ஓவுலுவில் நவம்பர். மூன்று மணிக்கே இருட்டு.
திரையில் லெய்டனிலிருந்து வீபெ,
பதிப்பகத்தின் விற்பனைப் பிரிவு.
அவருக்குப் பின்னால் ஒரு நாய், ஒரு ஜன்னல்,
பின்லாந்துக்கு இன்று தீர்ந்துபோன வெளிச்சம்.

"நாற்பத்தாறு ஆண்டு இதழ்கள், சாய்மி.
ஒரே தொகை. பிறகு எப்போதும் உங்களுடையது."
எப்போதும் என்று வாயால்தான் சொல்கிறார்.
ஒப்பந்தத்தில் அந்தச் சொல் இல்லை.
எழுத்தெண்ணிப் படித்துவிட்டேன்.
ஏழாம் பிரிவு, மூன்றாம் உட்பிரிவு:
இதழின் உரிமை எங்களிடம் உள்ளவரை.

உள்ளவரை.
பதினெட்டு வருடம் இந்த நாற்காலியில்
நான் கற்றது அந்தச் சொல்லுக்கு அஞ்சுவதை.
முன்பு நீரியல் இதழ் ஒன்று கைமாறியது.
வெள்ளிக்கிழமை திறந்த பக்கம்
திங்கள் காலை முப்பத்தைந்து யூரோ கேட்டது,
ஒரு கட்டுரைக்கு, இருபத்து நான்கு மணி நேரத்துக்கு.
ரசீது என் கோப்பில் இருந்தது.
வாங்கிக்கொண்டவர் பழையவர்.
புதியவருக்கு எங்களைத் தெரியாது.
ஆய்வேட்டின் கடைசி அத்தியாயத்தில் இருந்த ஹில்லா
என் மேசை முன் வந்து நின்றாள்.
கோபப்படவில்லை.
கோபப்பட்டிருக்கலாம்.

அடித்தளத்தில் அச்சுப் பிரதிகள்,
பச்சைத் துணிக் கட்டு, அறுபத்தோரு மீட்டர்.
தாவெத்தி டேப் வைத்து அளந்துவிட்டுப் போனார்.
மாணவர் சாய்ந்து உட்காரும் மெத்தைகள் வரப்போகின்றன.
வரட்டும். போன வருடம் அந்த அலமாரிக்கு
வந்தவர்கள் இரண்டு பேர்.
ஒருத்தி நான்,
ஸ்கேன் சரியா என்று பார்க்கப் போனவள்.

சரியில்லை.
தொகுதி 23, இதழ் 4, பக்கம் 311:
வடக்குச் சதுப்பு ஒன்றின் நீர்மட்டம், வரைபடம்.
கடைசி ஆறு ஆண்டுகள் இருக்கவேண்டிய இடத்தில்
ஒரு கட்டைவிரல்.
இளஞ்சிவப்பு ரப்பர் உறை போட்டது.

எந்த ஊர்க் கூடம், அன்றைக்கு எத்தனையாவது பக்கம்?
பக்கத்துக்கு என்ன கொடுத்தார்கள்?
புகார் எழுத உட்கார்ந்தவள்
விரலைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
உறையின் நுனியில் கிழிசல்.
கிழிசலில் நகம்.

"முந்நூற்றுப் பதினொன்றில் ஒரு விரல் இருக்கிறது" என்கிறேன்.
வீபெ சிரித்துக்கொண்டே குறித்துக்கொள்கிறார்.
"ஏழு-மூன்றையும் எடுக்க வேண்டும்."
சிரிப்பு நிற்கிறது.
நாய் எழுந்து போகிறது.

நீங்கள் விற்றால், வாங்குகிறவர் எங்களையும் சேர்த்து வாங்கட்டும்.
நீங்கள் மூழ்கினால், பூட்டிக் கிடக்கும் பொதுக் காப்பகம்
எங்களுக்குத் திறக்கட்டும்.
சந்தாவை நாங்கள் நிறுத்தினாலும்
காசு கொடுத்த வருடங்கள் எங்களோடு இருக்கட்டும்.
வக்கீலைக் கேட்கவேண்டும் என்கிறார்.
டிசம்பர் பதினைந்தில் என் நிதி மூடும்.
அது அவருக்குத் தெரியும்.
தெரியும் என்பது எனக்கும் தெரியும்.
வானிலை பற்றிப் பேசி முடித்துக்கொண்டோம்.

பதினோராம் நாள் பதில் வந்தது.
"உள்ளவரை" மீது ஒரு சிவப்புக் கோடு.
பக்கத்தில்: உரிமை எவரிடம் சென்றாலும்.
விலையில் நான்கு சதவீதம் கூடியிருந்தது.
ஒரு சொல்லுக்கு நான் கொடுத்ததில் அதுதான் அதிகம்.
கையெழுத்துப் போட்டேன்.

விரலைப் பற்றி ஒன்றும் இல்லை.

நானே கீழே இறங்கினேன்.
பாதி அலமாரி ஏற்கெனவே பெட்டிகளில்.
நான்காவது பெட்டியின் அடியில் தொகுதி 23.
கண்ணாடியில் கவிழ்த்து, அழுத்திப் பிடித்து, எடுத்தேன்.
முதல் படத்தில் என் விரலும் விழுந்திருந்தது.

இரண்டாவதை வீபெவுக்கு அனுப்பினேன்.
கால்வாய் வெட்டிய பிறகான ஆறு வருடம் அது:
நீர் இறங்குகிறது,
இறங்கி, கட்டத்தின் அடிக்கோட்டைத் தொட்டு,
அதற்குக் கீழே அளக்க
அவர்களிடம் குச்சி இல்லை.