வீட்டுக்காரி

அவளுக்கு முப்பத்தைந்து முடிந்தது ஜூனில்.
எனக்கு நாலு வருடம் முன்பே.
அன்றைக்கு கேக் வெட்டவில்லை,
விண்ணப்பத்தைப் பதிவிறக்கினோம்.

அதுவரை சிராங்கூனில் வாடகை அறை.
எங்களைப் பார்த்த மாத்திரத்தில்
இரண்டு கட்டில் போட்டுத் தந்த வீட்டுக்காரி
ஒன்றாம் தேதி தவறாமல் கதவைத் தட்டுவாள்.

தோ பாயோவில் எங்கள் எண் சிவப்பில் மின்னியது.
மணமாகாத இருவர் கூட்டாக வீடு வாங்கும் திட்டம்.
கூட்டு, தனி,
இரண்டு சொல்லும் ஒரே வரியில்
எப்படி முறைத்துக்கொள்ளாமல் நிற்கின்றன
என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.
என் பிழைப்பு அது.
அறிவிப்புகளைத் தமிழாக்குகிறேன்:
கொசுமருந்து, தண்ணீர்த் தடை, லிப்ட் பழுது,
ஆபத்து விலகி நில்.
நான்கு மொழியில் விலகச் சொல்லும் ஊர்.
நான்கிலும் தேடியிருக்கிறேன்,
எங்கள் இருவரையும் ஒரே மூச்சில் அழைக்கும் ஒன்றை.

அதிகாரி சின்னப் பெண். நகத்தில் நீலப் பூச்சு.
"உறவு?" என்றாள், திரையிலிருந்து கண் எடுக்காமல்.
"ஃபிரெண்ட்ஸ்" என்றாள் ஷியூ வென்.
பன்னிரண்டு வருடத்தை
ஈரக் குடைபோல மடித்துப்
பைக்குள் வைத்துக்கொண்டாள்.

அந்தப் பழைய பிரிவை நீக்கிய இரவில்
கெல்வின் தொலைபேசியில் கத்தினான்:
"இனி நான் குற்றவாளி இல்லை,
நண்டு சமைக்கிறேன், வாங்கடி!"
ஆண்களைப் பற்றிய சட்டம் அது.
தண்டிக்கக்கூட எங்கள் பெயரை எடுத்ததில்லை.
அது போனதற்கு ஷியூ வென் ஏன் அழுதாள்
என்று நான் கேட்கவில்லை.
நண்டு நன்றாக இருந்தது.
அதே நாள், அதே மன்றம்,
திருமணம் என்ற சொல்லைச் சுற்றி
வேலியும் கட்டி முடித்திருந்தது.
கெல்வின் தட்டுகளைக் கழுவினான்,
ரொம்ப நேரம் கழுவினான்.

இந்த மார்ச்சில் அவளுக்குக் குடல்வால்.
ஈசூன் மருத்துவமனை, இரவு இரண்டு மணி.
தாதி என் முகம் பார்த்துத் தமிழிலேயே கேட்டாள்:
"அவங்களுக்கு நீங்க யாரு?"
ஆங்கிலத்தில் கேட்டிருந்தால்
எதையாவது சொல்லித் தப்பித்திருப்பேன்.
தமிழில் பொய் சொல்லும்போது
எனக்கு அம்மாவின் குரல் வந்துவிடும்.
"ஒரே வீட்ல இருக்கோம்."
பொய் இல்லை. அவள் எழுதிக்கொண்டாள்.

காலையில் ஜொகூரிலிருந்து அண்ணன் வந்தான்,
நாலு வருடமாகத் தங்கையோடு பேசாதவன்.
மருத்துவர் அவனிடம் பேசினார்.
அவன் தலையாட்டினான்.
எந்த மருந்து அவளுக்கு ஒத்துக்கொள்ளாது என்று
அவனுக்குத் தெரியாது.
நான் அவளுடைய மூக்குக்கண்ணாடியைப்
பிடித்துக்கொண்டு தள்ளி நின்றேன்.
ஆபத்து, விலகி நில்.
என் மொழிபெயர்ப்புதான்.

வீடு வந்த மூன்றாம் நாள்
லிப்டில் ரொக்கையா மக்சிக்,
கையில் ஒரு கட்டு பண்டான் இலை.
"ஓராங் ருமா எப்படி இருக்கு?" என்றாள்.

ஓராங் ருமா. வீட்டு ஆள்.
மலாயில் மனைவியை அப்படித்தான் சொல்வார்கள்.
வீட்டில் இருக்கிற யாரையும்
அப்படிச் சொன்னதாக நான் சமாதானம் செய்துகொள்ளலாம்.
தெரிந்து சொன்னாளா?
கேட்க வாய் திறப்பதற்குள் பதினோராம் மாடி.
பாதி இலையை என் கையில் திணித்தாள்,
"கஞ்சியில் போடு."
கதவு மூடிக்கொண்டது.

நடைபாதையில் எட்டு வாசல், எட்டு ஜோடிச் செருப்பு வரிசை.
நேர்ச்சொல் தமிழில் இருக்கிறதே என்று
ஆறாவது வாசலில் உறைத்தது.
அப்பா ஆயுள் முழுக்க அம்மாவைச் சொன்ன சொல்.
எந்தப் படிவமும் கேட்காத சொல்.
சாவியைத் திருப்பிக்கொண்டே
சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன்:
"வீட்டுக்காரி!"

அவளுக்குத் தெரிந்த முப்பது தமிழ்ச் சொற்களில்
அதுவும் ஒன்று.
தையல் போட்ட வயிற்றைப் பிடித்தபடி
உள்ளறையிலிருந்து எட்டிப் பார்த்தாள்:
"ஏன், இன்னைக்கு ஒன்னாம் தேதியா?"