மூன்று சீசா

உச்சிப்புளி ரயில்வே கேட்டுக்கு இந்தப் பக்கம்
சீனி இத்ரீஸ் கடை.
கண்ணாடி மேசையில் மூன்றை வைத்தான்:
சிவப்பு, மஞ்சள்,
பிறகு பேர் ஒட்டாத தண்ணீர்ப் பாட்டிலில்
தண்ணீர் போலவே ஒன்று.

"சிவப்பு ஆசிட் கலந்தது, நம்புத்தாய் அக்கா.
அடிச்சா அஞ்சு நிமிசம். கறுப்பு அப்படியே வழியும்."

கறுப்பு என்று அவன் சொன்னது
என் டாக்சியின் நாலு அலாய் வீலிலும்
பதினெட்டு மாதமாய் அப்பிக் கிடப்பதை.
பிரேக் தேய்ந்த இரும்புத் தூள்,
பாம்பன் பாலத்தில் காற்று வாரி எறிந்த உப்பு,
தனுஷ்கோடி மணல்,
அக்னி தீர்த்தத்தில் முங்கிவிட்டு
ஈர வேட்டியோடு ஏறுகிற சனம்
கதவு வழியே சொட்டவிட்ட கடல்,
எல்லாம் வெயிலில் வெந்து
அடிப்பிடித்த சோறு மாதிரி.

நாளைக்குக் கீழக்கரையில் நிக்காஹ்.
மாப்பிள்ளை ஏறுகிற வண்டி என்னுடையது.
வாடகை பேசியவர் போனில் இரண்டு தடவை சொல்லிவிட்டார்:
"வீல் பளிச்சுன்னு இருக்கணும்மா,
வீடியோக்காரன் தரையில படுத்துத்தான் எடுப்பான்."

சிவப்பைத் தூக்கினேன்.
மூடி திருகும் முன்பே மூக்கைக் குத்தியது.
கக்கூஸ் தரை வெளுக்க ஊற்றுவோமே,
அதன் பங்காளி.
ஒருமுறை அலுமினியச் சட்டியில்
புளிக்குழம்பை ராத்திரி முழுக்க விட்டுவிட்டேன்.
காலையில் குழம்பு குழம்பாகத்தான் இருந்தது.
சட்டிக்குத்தான் அம்மைத் தழும்பு.
வீலும் அதே உலோகம்.
மேலே கண்ணுக்குத் தெரியாத ஒரு தோல்.
அது உரிந்தால் உப்புக்கு வாசல் திறந்தாச்சு.
தவணை இன்னும் இருபத்தாறு மாதம் இருக்கிறது.

"மஞ்சள் சோப்பு மாதிரி.
கையில பட்டாலும் ஒண்ணும் ஆகாது.
ஆனா நீங்கதான் தேய்க்கணும்.
இரும்பு பட்ட இடமெல்லாம் ஊதாவா அழும், பயப்படாதீங்க."

"பேர் இல்லாதது?"

"போட் என்ஜினுக்கு வாங்கிட்டுப் போவாங்க.
உள்ள என்ன இருக்குன்னு எனக்கே தெரியாதுக்கா."
அப்படிச் சொன்னானே,
அதற்காகவே மஞ்சளைப் பற்றி அவன் சொன்னதையும் நம்பினேன்.
முந்நூற்று நாற்பது. பிரஷ் தனி.
சிவப்பு நூற்றிருபதுதான்.

மண்டபத்தில் பூவரச நிழலில் நிறுத்தி
வீலைப் புறங்கையால் தொட்டுத் தொட்டுப் பார்த்து
சூடு இறங்கக் காத்திருந்தேன்.
போர் தண்ணீர் ஆகாது, அதுவே உப்பு,
காய்ந்தால் வெள்ளை வெள்ளையாய்ப் பூக்கும்.
குடிக்க விலைக்கு வாங்கிய நாலு குடத்தில்
இரண்டை வண்டிக்குக் கொடுத்தேன்.
வீட்டில் யாரும் ஒன்றும் சொல்லவில்லை.
அவர்கள் சொல்லாததைக் கேட்டுக்கொண்டே தேய்த்தேன்.

அழுகின முட்டை நாற்றம்.
சொன்னபடியே ஊதா ஊதாவாய் வழிந்தது.
முதல் சக்கரம் முக்கால் மணி நேரம்.
இரண்டாவதில் தோள்பட்டை விட்டுப்போனது.
மூன்றாவது முடிந்தபோது
அதில் தெருவிளக்கு தெரிந்தது, கோணலாக என் முகமும்.

நாலாவது, வலது பின்சக்கரம்.
கறுப்பு போனது.
அடியில் வெள்ளையாய், மண்புழு ஊர்ந்த தடங்கள்
தோலுக்கு உள்ளே.
தேய்த்தேன். நகத்தால் சுரண்டினேன்.
அது அழுக்கில்லை.

தொண்டியில் இந்த வண்டியை வாங்கிய அன்று
நாலு வீலும் அப்படி மின்னின.
என்ஜினைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை,
அந்த மினுக்கத்தில் மயங்கி
முன்பணத்தை எண்ணிக் கொடுத்தேன்.
விற்றவருக்கும் அன்றைக்கு அவசரம் இருந்திருக்கும்.
அஞ்சு நிமிசம்.

மீந்த மஞ்சளை இறுக்கி மூடி
சீட்டுக்கடியில் வைத்தேன்.
நாளை அந்தப் பக்கத்தைச் சுவரோடு ஒட்டி நிறுத்தணும்.
"இடப்பக்கமாவே எடு தம்பி, அங்கதான் வெளிச்சம்"
என்று வீடியோக்காரனிடம் சொல்லணும்.
என் கதவு திறக்காது.
கியரைத் தாண்டி, பட்டுச்சேலையைச் சுருட்டிக்கொண்டு,
மாப்பிள்ளை பார்க்காத நேரமாய்
மறுபக்கம்தான் இறங்கணும்.