எண்ணெய் காயும்வரை

காலை நாலரைக்கு அடுப்பில் எண்ணெய்ச் சட்டியை வைத்ததும்
கணக்குப் புத்தகத்தைத் திறப்பேன்.
எண்ணெய் காயும்வரைதான் படிப்பு.
எனக்கும் எனக்கும் அதுதான் ஒப்பந்தம்.
ஒரு மணிநேரம் என்று சொன்னால் மனசு படுத்துக்கொள்ளும்.
எண்ணெய் காயும்வரை என்றால்
சரி, தொலை என்று எழுந்து உட்காரும்.

முப்பத்துநாலு வயதில், மூன்றாம் முறையாக,
சாதாரண தரக் கணிதம்.

மண்டைக்குள்
ஒன்பதாம் வகுப்பு சேர் இன்னும் வேலை பார்க்கிறார்.
பென்ஷன் இல்லை, லீவு இல்லை.
"தியாகு, உனக்கு இது ஏறாது" என்பார்.
முன்பெல்லாம் அவரோடு சண்டை பிடிப்பேன்.
இப்போது ஒரு வடையைக் கையில் கொடுத்து
மூலையில் உட்காரச் சொல்கிறேன்.
வாய் நிறைய இருப்பவர் எப்படிப் பேசுவார்?

படிப்பது நிற்பதில்லை, உண்மைதான்.
ஆனால் நானுஓயாவிலிருந்து பதுளைவரை
எந்த ஸ்டேசன் பைப்பில் தண்ணி வரும்,
எந்த வளைவில் கூடையை இடுப்போடு அணைக்க வேண்டும்,
தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன்.
அப்படியென்றால் எனக்கு ஞாபகம் இருக்கிறது.
கொப்பியில் இல்லை,
தண்டவாளத்தில் இருக்கிறது.

அங்கேயே ஒவ்வொன்றாக இறக்கிவைத்தேன்.
அம்பேவெலயில் கூட்டுவட்டி:
மாடு கன்று போடும், கன்று மாடாகும், அதுவும் போடும்.
பட்டிப்பொலயில் இருபடி வரைபு:
ஏறி, ஏறி, மூச்சு வாங்கி, இனி இறக்கம்.
ஓஹிய தாண்டிய குகைகளில் சயக் குறிகள்:
ஒரு சய இருட்டு,
இரண்டு சய பெருக்கினால் வெளிச்சம்.
தெமோதரவில்,
ரயில் சுற்றிவந்து ஸ்டேசனுக்கு அடியிலேயே நுழையும் இடத்தில்,
வட்டத்தின் பரிதி.

பண்டாரவளையில் ஒரு அம்மா
வடை எவ்வளவு என்று கேட்டதற்கு
"இரண்டு பை ஆர்" என்றேன்.
"இரண்டு பை வேணாம் தம்பி, ஒரு பை போதும்."

ஹப்புத்தளையில் மட்டும் எதையும் வைக்கவில்லை.
அங்கே ஏற்கெனவே ஒருவன் நிற்கிறான்.
என் தம்பி அமிர்தராஜ்,
வெறும் போத்தலோடு பைப்படிக்கு இறங்கியவன்.
பனி மூடிய நாள்.
ரயில் புறப்பட்டபோது
மூன்றாம் பெட்டியில் கச்சான் அளந்துகொண்டிருந்தேன்.
பதினோரு வருடம்.
பொலிஸ், பேப்பர் விளம்பரம், மூன்று மதத்துக் கோயில்.
மறப்பதற்கும் ஒரு வழி பழகிவைத்திருந்தேன்:
அங்கே ரயில் நிற்கும்போதெல்லாம்
குனிந்து மிச்சக் காசை எண்ணுவது.
சரியாக இருந்தாலும் மறுபடி எண்ணுவது.

பரீட்சை நாள், தகரக் கூரையில் மழை.
முதல் கேள்வியிலிருந்து ரயிலில் போனேன்.
மாடுகள் இருந்தன. குகைகள் இருந்தன.
எட்டாம் கேள்வி நிகழ்தகவு.
அந்தப் பாடத்துக்கு
நான் ஒரு ஸ்டேசனும் கொடுத்திருக்கவில்லை.
வருடம் முழுக்க அந்தப் பக்கங்களை
எண்ணெய் காய்ந்துவிட்டது என்று மூடியிருக்கிறேன்.

வேறு வழியில்லை.
கண்ணை மூடி, ஹப்புத்தளையில் இறங்கினேன்.
அதே சட்டை. அதே போத்தல்.
என்னைவிட இளையவனாகவே நின்றான்.

எப்போதோ அரைக்கண்ணால் படித்தது
பனிக்குள்ளிருந்து வந்தது:
ஒன்றைத் தாண்டாது.
நடக்கவே நடக்காது என்பதற்குத்தான் பூச்சியம்.
அதை எழுத என் கைக்குத் துணிவில்லை,
அன்றும், எந்த அன்றும்.
இதைக் கொஞ்சம் பிடிச்சுக்கடா என்றேன்.
போத்தலைக் கீழே வைத்துவிட்டு
இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான்.

பெறுபேறு இன்னும் வரவில்லை.
சேர் இரண்டாவது வடை கேட்கிறார்.

இன்று ஹப்புத்தளையில் காசை எண்ணவில்லை.
கூடையோடு மேடையில் இறங்கிப் பார்த்தேன்.
பைப் ஒழுகிக்கொண்டிருந்தது.
இறுக்கி மூடிவிட்டு
ஓடிவந்து ஏறிக்கொண்டேன்.