பத்தாவது வாசல்

ஆறரை மணிக்கு பஸ் ஸ்டாண்டில் தலை எண்ணினேன்.
எட்டு.
ஒன்பதாவது, வாட்ஸ்அப்பில் பெயர் தந்த தவமணி,
நைட் ஷிப்ட் முடித்த நீலச் சட்டையோடு
ஓடிவந்து வேனில் ஏறினார்.
ஜன்னல் சீட்டைக் காட்டினேன். வேண்டாமென்றார்.
"வருசம் பூராவும் ஜன்னலுதானுங்க."
எனக்கு அப்போது புரியவில்லை.

சங்ககிரி மலையைப் பார்க்காதவர் யார்?
பைபாஸில் போகிற அத்தனை பேரும் பார்த்ததுதான்,
லாரிக்குப் பாடி கட்டும் பட்டறைகளின்
தகரச் சத்தத்துக்கு மேலே
முதுகு காட்டி உட்கார்ந்திருக்கும் பாறை.
ஏறினவர்கள்தான் கொஞ்சம்.
உள்ளூர்க்காரன் நானே
கைடு வேலைக்கு வந்த பிறகு ஏறினவன்.

முதல் வாசலில் என் வழக்கமான வரி:
"மொத்தம் பத்துங்க. எண்ணாதீங்க, மூச்சு வாங்கும்."
சோமனூர்த் தம்பதி சிரித்தார்கள்.
பெருந்துறை புரொபசர்,
ஒன்பது என்று எங்கோ படித்ததாகச் சொன்னார்.
தவமணி, காவலாள் நிற்கும் கல்மாடத்துக்குள்
குனிந்து நுழைந்து, வௌவால் நெடியில்
உட்கார்ந்தே பார்த்துவிட்டார்.
"இங்கிருந்து கை நீட்டுனா எட்டுமுங்களா?"
"எதுக்குங்க?"
"காசு வாங்கத்தான்."

டோல்கேட்டில் ஏழாம் லேனாம்.
முகங்கள் எல்லாம் கழுத்து வரைக்கும்தான் தெரியுமாம்.
பாஸ்டேக் வந்த பிறகு காசு குறைந்துவிட்டது,
வசவு குறையவில்லையாம்.
இதைச் சொல்லிக்கொண்டே
மூன்றாம் வாசலை, நாலாம் வாசலைக் கடந்தார்.
ஒவ்வொன்றிலும் அவர் நடை
ஒரு கணம் தயங்கியது,
குறுக்குக்கட்டை எழட்டும் என்பது போல.

ஐந்தாம் வாசல் நிழலில்
தண்ணீர் பாட்டிலோடு வரலாறும் கொடுப்பேன்:
திப்புவின் படை, பிறகு கம்பெனி,
"கொங்குச் சீமை வரிப்பணத்தையெல்லாம்
வெள்ளைக்காரன் இந்த மலையிலதான் வச்சிருந்தானாம்."
வழக்கமாகக் கேட்பார்கள்:
சுரங்கம் எங்கே, புதையல் உண்டா,
தூக்கில் போட்ட மரம் எது.
தவமணி கேட்டார்:
"ஆருங்க எண்ணியிருப்பாங்க?"

மூன்று வருடத்தில் ஒருவரும் கேட்காத கேள்வி.
புரொபசரைப் பார்த்தேன்.
அவர் ஷூ லேஸைக் கட்டிக்கொண்டிருந்தார்.
"கொறஞ்சா அந்தாளு சம்பளத்துலதான்
புடிச்சிருப்பானுங்க" என்று
பதிலையும் அவரே சொல்லிவிட்டு ஏறினார்.

உச்சியில் காற்று துப்பட்டாவைப் பிடுங்கியது.
சுனையில் பாசி. இடிந்த களஞ்சியத்தில்
யாரோ சுரண்டிய காதலர் பெயர்கள்.
எல்லோரும் செல்பி எடுக்க,
அவர் கிழக்கே பார்த்து நின்றார்.
ரோட்டில் எறும்புச் சாரையாய் லாரிகள்,
ஓரிடத்தில் மட்டும் தேங்கித் தேங்கி நகர்ந்தன.
அதுவாகத்தான் இருக்கும்.
போனை எடுத்து, "நாச்சி, கையை வெளிய நீட்டு புள்ள" என்றார்.
இங்கிருந்து என்ன தெரியும்?
ஆனாலும் பதிலுக்குக் கையை ஆட்டினார்,
ரொம்ப நேரம்.

மத்தியானம் பூலாம்பட்டி.
வறுத்த மீன், மெத்தென்று நிற்கும் காவேரி,
அக்கரைக்குப் போகும் மோட்டார் படகு.
படகுக்காரர் சில்லறை கேட்க,
ஒன்பது பேருக்கும் சரியாக
நோட்டு மடிப்பு நீவி எடுத்துக் கொடுத்தது
தவமணியின் கை, அவரைக் கேட்காமலே.

ஷட்டர்களின் மேல் நீர்க்காகங்கள்
சிறகு விரித்துக் காய்ந்தன.
"அதென்னங்க?"
"கதவணை."
"தண்ணிக்குமா!" என்று சிரித்தார்.
அன்றைக்கு முதல் தடவை.
ஒரு கதவு ஒரு சாண் திறந்திருந்தது.
அந்தச் சந்தில் ஆறு
ரசீது வாங்காமல் போய்க்கொண்டிருந்தது.

இருட்டின பிறகு சேலத்து ஆட்களை விடப் போனோம்.
தவமணிக்கும் டோல் தாண்டித்தான் வீடு.
யாரோ இறங்கின ஜன்னல் சீட்டில்
தலை சாய்த்து உறங்கிக்கொண்டிருந்தார்.
டிரைவர் அர்த்தனாரி, என்ன நினைத்தாரோ,
ஏழாம் லேனில் விட்டார்.
பீப் என்றது. கட்டை எழுந்தது.
கண் திறக்காமலே அவர்
"போலாமுங்க" என்றார்.