பதினேழாம் எண்ணின் வலது பின்கால்

பகல் பன்னிரண்டரை.
வெயிலில் வேலை செய்யத் தடை தொடங்கும் நேரம்.
அல் ஐன் முழுக்க ஆட்கள்
சுவர்நிழலில் அட்டை விரித்துப் படுத்திருக்க
நான் இரண்டு கதவு தாண்டி
சிவப்பு விளக்கு அறைக்குள் நுழைவேன்.
எலிகளுக்கு அங்கே நடுநிசி.
ஒரு சுவிட்சை வைத்து
இரவு செய்திருக்கிறார்கள்.

முதல் வேலை மூத்திரம்.
முதுகுத்தண்டில் அடிபட்ட எலிக்கு
தானாகப் போகத் தெரியாது.
இடது கையில் மல்லாத்தி
அடிவயிற்றைக் கட்டைவிரலால் தடவினால்
பச்சைத் திராட்சை மாதிரி ஒன்று உருளும்.
அதை மெல்ல அழுத்த வேண்டும்.
வேகம் கூடினால் உடைந்துபோகும்,
விட்டுவைத்தால் சீழ் கட்டும்.
காலை, மதியம், ராத்திரி
முப்பத்தாறு எலி.

சாரத்தில் குழாய் முடுக்கிய கை இது.
ஸ்பேனர் பிடித்த காய்ப்பு
ரோமத்தில் சிக்கக்கூடாதென்று
கையுறைக்கு மேல் கையுறை.

டாக்டர் ஹனான் முதல் நாளே சொன்னார்:
சிலதுக்குக் கம்பி வழியாக மின்சாரம்,
சிலதுக்கு வெறும் கம்பி.
எது எதற்கென்று உனக்குத் தெரியக்கூடாது,
எனக்கும் தெரியக்கூடாது.
உறையில் ஒட்டிப் பூட்டியாயிற்று.
தெரிந்தால் கண் பொய் சொல்லும்.

தன் கண்ணைத் தானே சந்தேகிக்கிற முதலாளியை
இந்த நாட்டில் நான்
அன்றைக்குத்தான் பார்த்தேன்.

வெள்ளிக்கிழமை இருளப்பன் கூப்பிடுவான்.
ஆறாவது தட்டிலிருந்து விழுந்தவன்.
விமானத்தில் ஆறு சீட்டை மடக்கிப் படுக்கை போட்டு
அனுப்பிவைத்தோம்.
'முதுகுளத்தூர்ப் பக்கம்
ஆறு டிக்கெட்டில் வந்த ஒரே ஆள் நான்தான்' என்பான்.
கம்பெனித் தாளில் அவனுக்கு
எழுபது சதவீதம் என்று போட்டிருந்தது.
மிச்ச முப்பது எங்கே இருக்கிறதென்று
உடம்பில் கோடு போட்டுக் காட்டச் சொன்னான் மேனேஜரை.
இப்போது அவன் கேட்பது ஒன்றே ஒன்று:
'என்னடா, எலி எந்திரிச்சிருச்சா?'

சனிக்கிழமை மார்க் போடுவோம்.
பிள்ளைகள் குளிக்கிற பிளாஸ்டிக் தொட்டி,
அதில் தண்ணீர் இல்லாமல் ஒரு எலி,
இரண்டு பக்கமும் டாக்டரும் தில்பகதூரும்,
நாலு நிமிஷம்.
பூஜ்யம் என்றால் பின்கால் இழுபடுகிறது.
இருபத்தொன்று என்றால்
அதற்கு எதுவுமே நடக்கவில்லை.

ஆறாம் வாரம் பதினேழு
தொட்டியின் நடுவில் நின்றது.
வலது பாதம் புறங்கை மாதிரி மடங்கிக் கிடந்தது
மெல்லத் திரும்பி
உள்ளங்கால் தரையில் பட்டது.
இடுப்பு மேலே வந்தது.
ஒரு ஈர்க்கிடை உயரம், அவ்வளவுதான்.
தில்பகதூர் பேனாவைத் தொட்டிக்குள் போட்டுவிட்டான்.
எலி வந்து அதை முகர்ந்தது.
இருவரும் தனித்தனியாக எழுதினார்கள்: ஒன்பது.

இருளப்பனிடம் சொன்னேன்.
கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.
'எந்தக் கால்?'
வலது.
'எனக்கும் வலதுதான் ராத்திரி துடிக்கும்.'

உறையைப் பிரித்த நாளில்
பதினேழுக்கு வெறும் கம்பி என்றிருந்தது.
டாக்டர் போர்டில் எழுதினார், அழித்தார்,
திரும்ப அதையே எழுதினார்.
அடி கொஞ்சம் குறைவாக விழுந்திருக்கலாம், என்றார்.
நடைப்பட்டையில் தினமும் நடத்தியதாலும் இருக்கலாம்.
தெரியவில்லை.
தெரியவில்லை என்பதை அவர் சொன்ன விதம்
நன்றாக இருந்தது.

மறுவாரம் எல்லாவற்றையும் மயக்கி
நெஞ்சு வழியே உப்புநீர் ஏற்றினோம்.
பதினேழை நான்தான் பிடித்தேன்.
அதற்கு முன்னால்
மூத்திரம் எடுத்துவிட்டேன், பழக்கத்தில்.

தண்டுவடம் சேமியா இழை கனம்.
சீவி, நீலச் சாயம் ஏற்றி,
கருவியில் என்னையும் பார்க்கச் சொன்னார்கள்.
நடுவில் பெரிய ஓட்டை.
அதன் விளிம்பை ஒட்டி, சுவரைப் பிடித்துக்கொண்டு
பள்ளத்தைக் கடக்கிற ஆள் போல
ஒரு நூல்
அந்தப் பக்கம் போயிருந்தது.

வெள்ளிக்கிழமை போன் அடித்தபோது
புதிதாக வந்த முப்பத்தாறுக்குக்
கூண்டு கழுவிக்கொண்டிருந்தேன்.
அடித்து ஓயட்டுமென்று விட்டு
பிறகு நானே கூப்பிட்டேன்.
'பதினேழு எப்படிடா இருக்கு?'
ஒன்பதில்தான் நிக்குது, என்றேன்.

'ஒன்பது போதும்டா' என்றான்.
'கக்கூஸ் வரைக்கும் போயிரலாம்.'