அரைப் பேர்

மஸ்கெலியாவில் பஸ் மாறி, பிறகு ஆட்டோவில்,
பிறகு ஆட்டோ ஏறாத பாதையில் நடந்து
மேல்கணக்கு லயத்துக்கு வந்தேன்.
கம்பெனி சொல்லித் தந்த விதி:
கோயிலுக்கு இடப்புறமாகத் தொடங்கு.
ஒவ்வொரு ஐந்தாவது காம்பராவையும் தட்டு.
அடுத்த பிறந்தநாள் யாருக்கோ அவரைக் கேள்.
நாடு முழுக்க ஆயிரத்து இருநூறு பேர்,
எங்கள் மலைக்கு அதில் எழுபத்திரண்டு,
என் பங்கு பதினெட்டு.

நாடு சரியான திசையில் போகிறதா?

தனபாக்கியம் அக்கா படங்கை அவிழ்த்து
காலில் இருந்த அட்டையைச் சுண்டி எறிந்தாள்.
"எந்தப் பக்கம் போவுதுன்னு
இங்கேருந்து பாத்தா தெரியாதும்மா, ஒரே மிஸ்ட்டு."
தெரியாது. குறியீடு எட்டு.

அடுத்தவர் சிரித்துக்கொண்டே தெரியாது என்றார்.
தலைக்கு மேல் தகரம் புதுசு.
தகரம் தந்தவரின் படம்
கதவில் பாதி கிழிந்து நின்றது.
அதுவும் எட்டு.

மூன்றாவது வீட்டில் விதி மனைவியைக் காட்டியது,
கணவன் பதில் சொன்னான்.
"அவரு சொன்னதையே போடுங்க" என்றாள்
அடுப்பைப் பார்த்தபடி.
வெளியே பீலியில் தண்ணீர் வந்தது.
அவன் வாளியோடு ஓடினான்.
"இப்ப மாத்தலாமா?"
மாற்றினேன். காரணம் என்ன என்று கேட்டது டெப்.
தண்ணீர் வந்தது என்று எழுத
அதில் இடமில்லை.

அபிப்பிராயம் இங்கே உண்டாவது மடுவத்தில்,
நிறுவைக்கு நிற்கும் வரிசையில்.
முன்னால் ஒருத்தி தராசைப் பார்த்து "ச்சீ" என்பாள்.
பின்னால் நிற்பவள் அதை வாங்கி
தன் பிள்ளையின் பள்ளிக்கூடத்தைச் சேர்ப்பாள்.
கடைசி ஆளிடம் போகையில்
அந்த "ச்சீ" ஓர் அரசாங்கத்தின் அளவுக்கு வளர்ந்திருக்கும்.
என் வினாத்தாளில் மடுவம் இல்லை.

சாக்குக்கு ஒரு கிலோ, ஈரத்துக்கு இரண்டு கிலோ,
கழித்து மிஞ்சுவதுதான் கொழுந்து.
அதுவும் குறைந்தால் அன்றைக்கு அரைப் பேர்.
அம்மாவின் செக்ரோலில் பார்த்திருக்கிறேன்,
முழு மனுஷி, அரைப் பேர்.

பயிற்சியில் அனுஷ்க சேர் நிறையிடல் படிப்பித்தார்.
கூடிப்போன ஆட்களைக் குறைக்க வேண்டும்,
குறைந்தவர்களைக் கூட்ட வேண்டும்,
ஒருவரை ஒன்று தசம் மூன்று என்று எண்ணலாம்,
இன்னொருவரைத் தசம் ஐந்து.
நான் மட்டும் சிரித்துவிட்டேன்.
ஏன் என்று கேட்டார், நல்ல மனிதர்.
ஒன்றுமில்லை சேர் என்றேன்.

இறங்கும்போது பின்னால் சத்தம்.
பூங்காவனம், நாலாவது காம்பரா.
"என்னய ஏன் கேக்கல?"
விதியைச் சொன்னேன். குலுக்கல் மாதிரி என்றேன்.
"லயத்துல நெருப்புப் புடிச்சா
அஞ்சாவது காம்பரா மட்டுந்தான் எரியுமா?"

பிறகு சொன்னாள், தேயிலைக்குள் நின்றபடி,
இருபது நிமிஷம்.
ஏழு பேர்ச் காணியின் பத்திரம் வராதது,
வராததற்கு யார் யார் காரணம்,
அதில் ஒருத்தனுக்கு மறுபடி போடத்தான் போவதும் ஏன்,
போட்டாலும் அவனை நம்பாததும் ஏன்.
தன்னையே இரண்டு தரம் மறுத்தாள்,
மூன்றாம் தரம் வேறோர் இடத்துக்கு வந்து சேர்ந்தாள்.
"எழுதிக்கிட்டியா?"

டெப்பில் சார்ஜ் தீர்ந்திருந்தது.
கறுத்த திரையில்
விரலால் தட்டிக்கொண்டே இருந்தேன்.
அவள் என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூன்று கிழமைக்குப் பிறகு டீவியில்:
மலையகத்தில் தெரியாது என்போர் நாற்பத்தொரு வீதம்,
அந்த மக்கள் இன்னும் யோசிக்கத் தொடங்கவில்லை என்றார்
கோட் போட்ட ஒருவர்.
கீழே சின்ன எழுத்தில், பிழை மூன்று வீதம்.
அது நாட்டுக்கு.
எழுபத்திரண்டு பேருக்கு எவ்வளவு என்று
எங்கும் போடவில்லை.

பதினேழுக்குத்தான் எனக்குக் காசு வந்தது.
ஒன்றைத் தள்ளிவிட்டார்கள்.
காரணம்: பதில் இடையில் மாறியுள்ளது.