முந்நூறு கிராம்

ஹிராடோ துறைமுகத்துக் கடையில்
ஷிஸுனோ கேட்டது ஒன்றுதான்:
முந்நூறு கிராம் ஈயத்தை
விடியலிலிருந்து மதியம்வரை
ஏற்றி இறக்கினாலும்
மணிக்கட்டு என்னுடையதாகவே இருக்க வேண்டும்.

பெரிய ரீலை நீட்டினார் மொரிஸானே.
வாங்கிய வேகத்தில் திருப்பித் தந்தாள்.
குட்டைக் கோல், சிறிய ரீல்,
இடப்பக்கம் கைப்பிடி.
"பத்துக் கிலோ மீனுக்கு இது தாங்காது."
"அப்படியானால் நீங்களே மீனாகுங்கள்."

பின்னல்நூலை இடுப்பில் சுற்றிக்கொண்டு
தபால்நிலையம்வரை ஓடினார்.
ரீல் கிரீச்சிட்டது.
அடிக்கட்டை அவள் அடிவயிற்றில் அழுந்த
நுனி அவர் முதுகைப் பார்த்துப் பணிந்தது.
சைக்கிள்காரன் ஒருவன்
நூலுக்கடியில் குனிந்து கடந்தான்.

மூச்சிரைக்கத் திரும்பியவர்
விலையில் ஆயிரம் யென் குறைத்தார்.

மீன் தெருவில் ஓடாது,
நேரே கீழே,
பாறை இடுக்குக்குத்தான் பாயும்
என்பதை
இருவருமே சொல்லவில்லை.